ஐந்து வருட நிம்மதியின் விலை

1948 மே மாதம். டெட்ராய்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகமும் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கமும் கூலி ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தன. சங்கத் தலைவர் வால்டர் ரூதர் அந்த மேசையில் இல்லை. ஏப்ரல் 20-ம் தேதி இரவு, அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக யாரோ சுட்டதில் வலது கை சிதைந்து ஆஸ்பத்திரியில் இருந்தார்.

இப்படிப்பட்ட பேச்சுகளில் நிர்வாகத் தரப்பு நடந்துகொள்ளும் விதம் ஒரகடம் ஆனாலும் டெட்ராய்ட் ஆனாலும் ஒன்றுதான். முதல் நாள் கம்பெனியின் கஷ்டங்களைச் சொல்லும். இரண்டாம் வாரம் கேட்டதில் கால் பங்குக்கு வரும். கடைசி நாள் இரவு, எல்லோர் கண்ணும் சிவந்த பிறகு, முன்பே மனத்தில் வைத்திருந்த தொகைக்கு இறங்கிக் கையெழுத்துப் போடும். ஜெனரல் மோட்டார்ஸ் அந்த முறை அப்படிச் செய்யவில்லை. தானே ஒரு கணக்கை எழுதிக்கொண்டு வந்தது. விலைவாசி ஏறினால் கூலி தானாக ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். அது போக, ஆண்டுதோறும் மணிக்கு மூன்று சென்ட் கூடும். இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம்.

நம் ஆலைகளில் பஞ்சப்படி என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். புள்ளிக்கு இத்தனை பைசா என்று குறியீட்டெண்ணோடு கூலியை முடிச்சுப் போடுவது. பஞ்சப்படி என்றதும் கொடியும் கோஷமும்தான் நம் நினைவுக்கு வரும். டெட்ராய்டில் கதை தலைகீழ். நீட்டியது நிர்வாகம், சந்தேகப்பட்டது சங்கம். போருக்குப் பின் 1930-களைப் போல மறுபடி மந்தம் வரும், விலை விழும், அதோடு கூலியும் விழும் என்று சங்கத் தலைமை பயந்தது. பேரம் பேசாமலே கூலி ஏறினால் பேரம் பேச ஒரு சங்கம் எதற்கு என்ற கேள்வியும் இருக்கத்தானே செய்யும்.

கணக்கை எழுதியவர் கம்பெனியின் தலைவர் சார்லஸ் வில்சன். ஒஹாயோ மாநிலத்துக்காரர், படிப்பால் மின் பொறியாளர். அதே காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் தலைவர் பெயரும் சார்லஸ் வில்சன் என்பதால், குழப்பம் வராமலிருக்க இவரை 'எஞ்சின் சார்லி', அவரை 'எலக்ட்ரிக் சார்லி' என்று பத்திரிகைகள் அழைத்தன. 1941-ல் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தொழிலாளர் தகராறுகளைப் பற்றி நிதானமாக யோசிக்க வில்சனுக்கு நேரம் கிடைத்தது. கூலியை நிர்ணயிக்க இரண்டே இரண்டு விஷயம் போதும் என்ற முடிவுக்கு வந்தார். ஒன்று, கூலியின் வாங்கும் சக்தி குறையக் கூடாது. இரண்டு, இயந்திரமும் முறையும் முன்னேறுவதால் வருகிற லாபத்தில் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் நிச்சயமான ஒரு பங்கு வேண்டும். கூலி ஏறுவதால்தான் விலை ஏறுகிறது என்று மற்ற முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, விலைதான் கூலியை இழுத்துக்கொண்டு போகிறது என்று பேசியவர் அவர்.

படுக்கையில் போட்ட கணக்கு மேசைக்கு வர ஏழு வருடம் ஆயிற்று. அதற்குள் போர் வந்தது, கூலிக் கட்டுப்பாடு வந்தது. வேறொரு காரணமும் இருந்திருக்க வேண்டும். வில்சனை நன்கு அறிந்த மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் பின்னாளில் எழுதியதைப் பார்த்தால், சங்கம் கேட்காத சலுகையைத் தானாகத் தருவதில் வில்சனுக்கு நம்பிக்கை இல்லை. தானமாக வந்ததைச் சங்கத் தலைவரால் தன் ஆட்களிடம் கொண்டுபோய்க் காட்ட முடியாது, அவருக்கும் ஒரு வெற்றி வேண்டும் என்பது வில்சனின் கணக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவரும் ஒரு தேர்தலில் ஜெயித்துத்தான் அங்கே வந்திருக்கிறார் என்பதைப் பல நிர்வாகங்கள் கடைசிவரை புரிந்துகொள்வதில்லை.

வில்சனை இவ்வளவு யோசிக்க வைத்த அடி 1937-ல் விழுந்தது.

கார் உடம்பின் தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சுக்கு ஆலைகளில் 'டை' என்று பெயர். கதவு, கூரை, முன்மூடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டை. டன் கணக்கில் எடை, செய்து முடிக்க மாதக்கணக்கு. ஜெனரல் மோட்டார்ஸின் பெரும்பாலான கார்களுக்கு வேண்டிய முக்கிய டைகள் இரண்டே ஊர்களில் இருந்தன: கிளீவ்லாந்து, ஃபிளின்ட். இது கம்பெனிக்கும் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். 1936 டிசம்பர் 30 அன்று, ஃபிளின்ட் நகரின் ஃபிஷர் பாடி ஆலையில் டைகளை ரயில் பெட்டிகளில் ஏற்றுகிறார்கள் என்று செய்தி பரவியது. சங்கம் பலமில்லாத ஊருக்கு அவற்றை நகர்த்துகிறார்கள் என்று அர்த்தம். அன்றிரவே தொழிலாளிகள் ஆலைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் மறியல் செய்தால் போலீஸ் அடித்து விரட்டும். உள்ளே, கோடிக்கணக்கான பெறுமானமுள்ள இயந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்தவனை எப்படி விரட்டுவது? மிச்சிகன் ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி துருப்புகளை வரவழைத்தார், ஆனால் தொழிலாளிகளை வெளியேற்ற அவற்றைப் பயன்படுத்த மறுத்துவிட்டார்.

44 நாள். டிசம்பரில் ஐம்பதாயிரம் கார் செய்த கம்பெனி, பிப்ரவரி முதல் வாரத்தில் நூற்றுச் சொச்சம்தான் செய்தது. பிப்ரவரி 11-ம் தேதி ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று. 17 ஆலைகளில், ஆறு மாதத்துக்கு, சங்கத்தின் உறுப்பினர்களுக்காகச் சங்கத்தோடு பேசக் கம்பெனி சம்மதித்தது. அந்த ஒரு பக்கத்தைத் தவிர்க்கத்தான், 1934 முதல் இரண்டரை ஆண்டுகளில் பத்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவான தொகையை உளவாளிகளுக்கு அது கொட்டியிருந்தது. செனட் குழு ஒன்று பின்னர் இதை வெளியே கொண்டுவந்தது. அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு முதலாளி வர்க்கத்தின் மேல் கோபத்தைவிடப் பரிதாபமே வருகிறது. சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்த வாக்னர் சட்டம் 1935-லேயே வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிடும் என்று பெரிய கம்பெனிகள் பந்தயம் கட்டியிருந்தன. 1937 ஏப்ரலில் நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

கையெழுத்துப் போட்டதால் அமைதி வந்ததா என்றால், இல்லை. அடுத்த சில மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட திடீர் நிறுத்தங்கள். ஒரு போர்மேன் ஒருவனைத் திட்டினால் அந்த டிபார்ட்மென்ட் கையைக் கட்டிக்கொள்ளும். ஒரு டிபார்ட்மென்ட் நின்றால் லைன் நிற்கும். லைன் நின்றால் ஊரே நிற்கும். நிர்வாகத்தின் தலைவலி அப்போதுதான் தெளிவாகப் பிடிபட்டது. கார் கம்பெனி அடுத்த மாடலுக்கான டைகளுக்கும் இயந்திரங்களுக்கும் இரண்டு மூன்று வருடம் முன்பே பணம் போடுகிறது. அந்தப் பணத்தைப் போடும்போது, குறிப்பிட்ட தேதியில் ஆலை ஓடும் என்று தெரிய வேண்டும். கூலி எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இரண்டாவது அடி 1945-ல் வந்தது. போர் முடிந்ததும், அப்போது சங்கத்தின் ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவுக்குத் தலைவராக இருந்த ரூதர், 30 சதவீத உயர்வு கேட்டார். அது பெரிய விஷயமில்லை. காரின் விலையை ஏற்றாமல் அதைக் கொடுக்க வேண்டும், முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்று கேட்டதுதான் நிர்வாகத்தைச் சுட்டது. கூலி பேசலாம். காரின் விலையும் கம்பெனியின் லாபமும் சங்கத்தின் வேலை இல்லை என்பது நிர்வாகத்தின் கட்சி. நவம்பர் 21-ம் தேதி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த விசாரணைக் குழு கம்பெனியின் கொடுக்கும் சக்தியையும் பார்க்கும் என்று ஆனதும் கம்பெனி அந்தக் குழுவிலிருந்தே எழுந்து போய்விட்டது. மணிக்கு 19.5 சென்ட் கொடுக்கலாம் என்றது குழு. கம்பெனி 18.5 சென்டைத் தாண்டவில்லை. அதே கம்பெனியின் மின்சாதனப் பிரிவுகளில் இருந்த வேறொரு சங்கம் இடையில் 18.5-க்கே கையெழுத்துப் போட, ரூதரின் காலடி மண் நழுவியது.

ஒரு சென்டுக்காகவா இத்தனை நாள் என்று தோன்றும். வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம் என்று வைத்து, 3 லட்சத்து 20 ஆயிரம் பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது ஆண்டுக்கு 66 லட்சம் டாலர். ஆனாலும் நிர்வாகம் நின்றது அந்தத் தொகைக்காக இல்லை என்றே நினைக்கிறேன். கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லும் ஒரு குழுவின் தீர்ப்பை ஒரு முறை ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை மறுக்க முடியாது. 113 நாள் கழித்து, 1946 மார்ச் 13-ல் வேலைநிறுத்தம் முடிந்தது: 18.5 சென்ட், புத்தகம் மூடியபடியே. போர்க்கால வரிச் சட்டப்படி, லாபம் விழுந்தால் முன்பு கட்டிய வரியில் ஒரு பகுதியைக் கம்பெனிகள் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிர்வாகத்தின் பொறுமைக்கு அரசுக் கஜானாவும் கொஞ்சம் முட்டுக் கொடுத்தது.

அந்த ஆண்டே விலைக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. சாமான் விலை பறந்தது. 113 நாள் பட்டினி கிடந்து வாங்கிய 18.5 சென்டைக் கடைக்காரன் சில மாதங்களில் திரும்ப வாங்கிக்கொண்டான். வில்சனின் கணக்கு 1948-ல் மேசைக்கு வந்தது இந்தக் கசப்பின் மேல்தான்.

கணக்கு இப்படி. அரசின் தொழிலாளர் புள்ளியியல் துறை வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு 1.14 புள்ளி ஏறினால் மணிக்கூலி ஒரு சென்ட் ஏறும். அதென்ன 1.14? அன்றைய குறியீடு 169, சராசரி மணிக்கூலி ஏறத்தாழ ஒன்றரை டாலர். இரண்டும் ஒரே விகிதத்தில் நகர வேண்டும் என்றால் சென்டுக்கு அத்தனை புள்ளிதான் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பார்கள். மூன்றரைப் புள்ளி ஏறியிருந்தால் மூன்று சென்ட், அதாவது வாரத்துக்கு ஒரு டாலர் 20 சென்ட். இறங்கினால் குறையும், ஆனால் எவ்வளவு இறங்கினாலும் மொத்தம் ஐந்து சென்டுக்கு மேல் குறையாது. கையெழுத்தானதும் விலைவாசிக்கு எட்டு, ஆண்டு உயர்வு மூன்று, ஆக உடனடியாக 11 சென்ட்.

ஆண்டு உயர்வுக்கு ஒப்பந்தத்தில் வைத்த பெயர் 'முன்னேற்றக் காரணி'. அதை ஒட்டி எழுதிய வாசகம்தான், என் பார்வையில், நிர்வாகத்துக்குக் கிடைத்த அசல் லாபம். புதிய இயந்திரமும் புதிய முறையும் வருவது நல்லது, அதே உழைப்பில் அதிகம் உற்பத்தி செய்வது சரியான குறிக்கோள் என்று சங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. புது மெஷின் இறங்கும்போதெல்லாம் ஆலை வாசலில் நடக்கும் சண்டைக்கு ஆண்டுக்கு மூன்று சென்ட் முன்பணமாகக் கட்டியாயிற்று.

1949-ல் விலைவாசி கொஞ்சம் இறங்கியது. கூலியிலும் ஓரிரு சென்ட் குறைந்தது. ஆலைகள் ஓடின. சங்கம் பயந்த சோதனை அது, கணக்கு அதில் தேறிவிட்டது.

1950 ஜனவரியில் கிரைஸ்லர் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விவகாரம் பென்ஷன். முந்தைய ஆண்டு ஃபோர்டு, அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகை உட்பட மாதம் 100 டாலர் தர ஒத்துக்கொண்டிருந்தது. கிரைஸ்லரும் 100 டாலர் தருகிறேன் என்றுதான் சொன்னது. அதற்கென்று தனி நிதி ஒதுக்க மாட்டேன், என் வார்த்தையை நம்புங்கள் என்றது. தொழிலாளிகள் நம்பவில்லை. 104 நாள் போராட்டம். கடைசியில் நிதியும் ஒதுக்க வேண்டியதாயிற்று, விற்பனையும் போயிற்று.

அடுத்த தெருவில் எரிந்த வீட்டைப் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ், அது அணைந்து மூன்று வாரம் ஆவதற்குள், மே 23-ம் தேதி தன் ஒப்பந்தத்தை முடித்தது. ஐந்து வருடத்துக்கு. அவ்வளவு நீளமான ஒப்பந்தத்தை அந்தத் தொழில் அதுவரை பார்த்ததில்லை. விலைவாசிக் கணக்கு தொடரும். முன்னேற்றக் காரணி நாலு சென்ட். அரசுத் தொகையோடு சேர்த்து மாதம் 125 டாலர் வரை பென்ஷன், அதற்குத் தனி நிதி. மருத்துவக் காப்பீட்டில் பாதிச் செலவு கம்பெனியுடையது. பென்ஷன் நிதியைக் கடன் பத்திரத்தில் முடக்காமல் பங்குச் சந்தையில் பரவலாகப் போட வேண்டும் என்பதும் வில்சனின் பிடிவாதம்தான்.

பதிலுக்கு? ஒப்பந்தத்தின் எட்டாம் பத்தி அப்படியே இருந்தது: எதைச் செய்வது, எங்கே செய்வது, எப்போது செய்வது, யாரை வேலைக்கு எடுப்பது என்பதெல்லாம் நிர்வாகத்தின் தனிப் பொறுப்பு. காரின் விலையைப் பற்றி 1945-க்குப் பிறகு சங்கம் மேசையில் அப்படிக் கேட்கவே இல்லை. ஃபார்ச்சூன் பத்திரிகையில் டேனியல் பெல் இதற்கு 'டெட்ராய்ட் உடன்படிக்கை' என்று பெயர் சூட்டினார். அமைதிக்காகக் கம்பெனி நூறு கோடி டாலர் கொடுத்திருக்கலாம், அப்படியும் சல்லிசாகத்தான் வாங்கியிருக்கிறது என்பது அவருடைய மதிப்பீடு. உற்பத்தித் திட்டம், மாடல் மாற்றம், முதலீடு ஆகியவற்றை நீண்ட காலத்துக்குத் தீர்மானிக்கும் சக்தி மறுபடி நிர்வாகத்தின் கைக்கு வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லா முதலாளியும் இப்படிச் செய்திருக்கலாமே என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் அன்றைக்கு அமெரிக்கச் சந்தையில் பாதிக்குக் கிட்ட வைத்திருந்தது. அது விலை ஏற்றினால் மற்றவர்களும் ஏற்றுவார்கள். கூலி ஏறியதைக் கார் வாங்குபவர் தலையில் இறக்கி வைக்க முடிந்தது. அதே சங்கம் ஃபோர்டையும் கிரைஸ்லரையும் அதே விகிதத்துக்குக் கொண்டுவந்துவிட்டதால், போட்டிக்காரனுக்குக் கூலி குறைவு என்ற கவலையும் இல்லை. ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் செய்து தருகிற சின்னக் கம்பெனிக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அவனுடைய விலையைத் தீர்மானிப்பதே பெரிய கம்பெனிதான்.

கையெழுத்தின் மை காய்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கொரியப் போர் மூண்டது. விலைவாசி மறுபடி ஏறியது. கணக்குப்படி கூலியும் ஏறியது. கம்பெனி முனகாமல் கொடுத்தது. ஆனால் விலைவாசிப் படியாக வந்த சென்டுகள் அடிப்படைக் கூலியில் சேராமல் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. விலை விழுந்தால் பறிபோகும். 1953-ல் ரூதர் ஒப்பந்தத்தைத் திறக்கச் சொன்னார். ஐந்து வருடம் என்று கையெழுத்துப் போட்டாயே என்றால், ஒப்பந்தம் உயிருள்ள ஆவணம், நிலைமை மாறினால் அதுவும் மாற வேண்டும் என்றார். முதலாளி பக்கத்திலிருந்து பார்த்தால் இது அப்பட்டமான வாக்குமீறல். நிம்மதிக்கு விலை கொடுத்தவனிடம் பாதி வழியில் மறுபடி விலை கேட்பது.

கம்பெனி மறுத்திருக்கலாம். ஆனால் எதிர்பாராத இடத்தில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அரசின் புள்ளியியல் துறை அந்த ஆண்டு பழைய விலைக் குறியீட்டை மாற்றிப் புதிய குறியீட்டைக் கொண்டுவந்தது. பழையதைச் சில மாதம் மட்டும் கூடவே வெளியிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது பழைய குறியீடு. அது நின்றுபோனால் கணக்கே நின்றுபோகும். எப்படியும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்ற நிலைமையில், முன்னேற்றக் காரணியை ஐந்து சென்டாக்கி, ஓரமாகத் தொங்கிய படியில் 19 சென்டை அடிப்படைக் கூலியில் சேர்த்துக் கொடுத்தார்கள். வில்சன் அப்போது அங்கே இல்லை. ஐசன்ஹோவர் அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சராகப் போய்விட்டார்.

1955-ல் ஒப்பந்தம் முடிந்து புதியது கையெழுத்தானபோது, பல ஆலைகளில் தொழிலாளிகள் சங்கத்தின் பேச்சையும் கேட்காமல் வெளியே வந்தார்கள். கூலிக்காக அல்ல. லைனின் வேகம், போர்மேனின் போக்கு, ஆலைக்கு ஆலை தேங்கிப்போன சின்னச் சின்னக் குறைகள். எட்டாம் பத்தியை அப்படியே வைத்துக்கொண்டதற்கான விலை அது. வில்சனின் கணக்கில் சென்டுக்கு இடமிருந்தது, வேகத்துக்கு இல்லை.

பிற்பாடு கம்பெனியை அழுத்தியது விலைவாசிப் படி இல்லை. அது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கில் வந்து முகம் காட்டிவிட்டுப் போகிற செலவு. பென்ஷனும் மருத்துவமும் அப்படி இல்லை. கையெழுத்துப் போட்டவர்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு பில் வரும். 2000-களின் நடுவில், தான் செய்யும் ஒவ்வொரு காரிலும் சுமார் 1,500 டாலர் மருத்துவச் செலவு இருக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் புலம்பியது. ஜப்பான் கம்பெனிகளுக்கு அந்தச் சுமையில் பெரும்பகுதியை அவர்கள் நாட்டுக் காப்பீடு சுமந்தது. ஓய்வூதியமும் மருத்துவமும் கம்பெனி தலையில் ஏறாமல் அரசின் பொறுப்பாக வர வேண்டும் என்பதே ரூதரின் முதல் விருப்பம் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. அது கிடைக்காததால்தான் அவர் கம்பெனியிடம் கேட்டார். 2009 ஜூன் 1 அன்று கம்பெனி திவால் மனு போட்டது. அந்த ஆண்டே விலைவாசிப் படி நிறுத்தப்பட்டது.

2023 செப்டம்பர் 15 அன்று மூன்று டெட்ராய்ட் கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, கோரிக்கைகளில் முன்னால் நின்றவற்றில் ஒன்று அந்தப் படியைத் திருப்பிக் கொடுங்கள் என்பது. ஆறு வாரத்தில் கிடைத்தது, அடிப்படைக் கூலியில் நாலரை ஆண்டுக்கு 25 சதவீத உயர்வோடு. ஒப்பந்தம் முடியும் நாள் 2028 ஏப்ரல் 30, மே தினத்துக்கு முந்தைய நாள். உங்கள் ஒப்பந்தங்களும் அதே நாளில் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சங்கத் தலைவர் ஷான் ஃபெயின் நாட்டின் மற்ற சங்கங்களைக் கேட்டுக்கொண்டார்.